ஒரு பக்கத்துக்கு மட்டும்

அருமனையில் ரசலையன் வீட்டுக்கு நான் போனபோது
முந்தின ராத்திரி மழைக்குக் கிளம்பிய ஈசல்கள்
சிறகை மட்டும் கழற்றிப் போட்டிருந்தன
டியூப்லைட்டுக்குக் கீழே, ஜன்னல் படியில்,
குடத்து மூடியில்.
"பூச்சிதானே, நாலு முறம் அள்ளிக் கொட்டியாச்சு"
என்றார் அவர் மனைவி பியூலா.

ஜன்னல் திறந்திருந்ததா என்று கேட்டேன்.
சாரலுக்குப் பயந்து எல்லாம் அடைத்திருந்ததாம்.
அடைத்த அறையில் சிறகு கிடந்தால்
அவை வெளியிலிருந்து வந்தவை அல்ல.
இதை நான் உடனே சொல்வதில்லை.
முதலில் ஒரு கட்டஞ்சாயா குடிப்பேன்.

என் தொழிலுக்கு முதல் ஆயுதம் விரல்முட்டி.
முன்கதவு அயனி.
தட்டினால் பதில் சொல்லும், கொஞ்சம் கோபமாக.
கடைசி அறைக்கு, விலை குறைவென்று,
ரப்பர் தடியில் ஒன்று போட்டிருந்தார்கள்.
ஸ்குரூடிரைவரை வைத்தேன், அழுத்தவில்லை.
பப்படம் உடைவது போல உள்ளே போயிற்று.
பெயிண்டுதான் இத்தனை நாளும்
கதவாக நின்றிருக்கிறது.

எங்கள் பக்கத்துத் தச்சர்கள்
மரத்தின் வைரத்தைக் காதல் என்பார்கள்.
செதலு வெள்ளையை முழுக்கத் தின்றுவிட்டுக்
காதலைச் சுற்றிக்கொண்டு போய்விடும்.
சொன்னால் கல்யாணமாகாத பையன்கள் சிரிக்கிறார்கள்.
நான் குனிந்து டார்ச்சை அடிக்கிறேன்.

பென்சில் தடிமனில் ஒரு மண்கோடு.
நிலையிலிருந்து இறங்கி, அலமாரிக்குப் பின்னால் ஓடி,
ஹாலின் நடுவில் எழும்பி நிற்கும் சுவரை அடைந்தது.
பூசாத ஹாலோபிளாக் சுவர்.
ஒரு ஜன்னலைப் பாதியாக வெட்டிப் போகிறது.
அந்தப் பக்கம் தம்பி ஆமோஸ்.
குழித்துறைக் கோர்ட்டுக்கு ஒன்பது வருஷம் நடந்து
இரண்டு பேருமாக வாங்கிய சுவர்.

அலமாரியின் அடித்தட்டைத் திறந்ததும்
ரசலையன் சத்தமில்லாமல் உட்கார்ந்தார்.
பாகப்பத்திரம் மடிப்பு மடிப்பாகப் போயிருந்தது.
முத்திரை இருந்தது.
எல்லை சொல்லும் இடம் முழுக்க மண்.
அதில் ஒரு சொல் மிச்சம்:
வடக்கே.

சொன்னேன்:
சுவரில் சாய்த்து அடுக்கிய விறகை
இன்றைக்கே முற்றத்துக்கு மாற்றுங்கள்,
கல்லின் மேல், காற்று போகிற மாதிரி.
சுவரடியில் ஊறி நிற்கும் ஈரம்
அந்தப் பக்கத்துக் குளியலறைக் குழாயிலிருந்து வருகிறது,
அதை அவர்கள் மாற்ற வேண்டும்.
விறகு அண்ணனுடையது, தண்ணீர் தம்பியுடையது.
செதலுக்கு இரண்டும் ஒரே இலையில் பரிமாறியது.

அஸ்திவாரம் ஒன்றுதான், கேட்டியளா.
வீட்டைச் சுற்றி அடிக்கு ஒரு துளை போட்டு
மருந்து இறக்கினால்தான் அது வேலி.
பாதியில் நின்றால் நாம் காசு கொடுத்து
மற்றப் பாதிக்கு வழி காட்டுகிறோம்.

"எங்க பக்கம் மட்டும் அடி.
அவன் பக்கத்த அவன் பாத்துக்கிடுவான்."

விலைச்சீட்டில் எழுதினேன்:
ஒரு பக்கத்துக்கு மட்டும். உத்தரவாதம் இல்லை.
அவர் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டார்.
பத்திரத்திலும் அப்படித்தான் போட்டிருப்பார் என்று தோன்றியது.

டிரில்லைச் சுவரடியில் வைத்தேன்.
பதினேழாவது துளை முடிந்து பிட்டு ஆறட்டும் என்று நிறுத்தியபோது
அந்தப் பக்கம்
யாரோ தட்டினார்கள்.

எங்களைக் கூப்பிடும் தட்டல் அல்ல.
நிலையின் மேல்தலையில் ஒன்று.
நடுவில் ஒன்று.
ஆமோஸாக இருக்கலாம், அவர் மகளாக இருக்கலாம்.
நான் பேசியதையெல்லாம் சுவர் ஒழுங்காகக் கடத்தியிருக்கிறது.

பியூலா துடைப்பத்தோடு அப்படியே நின்றார்.
ரசலையன் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

கீழே வந்ததும் விரல் தயங்கியது.
இன்னொரு தடவை, மெல்ல.

எனக்கு இங்கிருந்தே தெரிந்தது:
பொள்ளை.